கடல் தெரியாத கடலோரம்: செட்டியார் தெருவிலிருந்து கொட்டாஞ்சேனை வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி வந்தாலும் சரி, டொரொன்டோவிலிருந்து மச்சான் வந்தாலும் சரி, கொழும்பைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும். தாமரைக் கோபுரத்தை அவர்களே போய்ப் பார்த்துக்கொள்வார்கள். நான் கூட்டிப்போவது புறக்கோட்டை, செட்டியார் தெரு, கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை என்று ஒரு நாள் நடைக்கு. வழியில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை எழுதிவைத்தால் அடுத்த தடவை தொண்டை மிஞ்சும் என்று உட்கார்ந்தேன்.

எந்த நாளில் போவது நல்லது? எத்தனை மணிக்கு?

வேலைநாளில், காலை ஏழரைக்கு. வெயில் ஏறுவதற்கு முன் புறக்கோட்டையைக் கடந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தெரு காலியாக இருக்குமே என்று சிலர் கேட்பார்கள். நடைபாதை வியாபாரம் கொஞ்சம் இருக்கும், ஆனால் கடைகள் பெரும்பாலும் பூட்டு. பூட்டிய புறக்கோட்டையைப் பார்ப்பது கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபத்தைப் பார்ப்பது மாதிரி. பௌர்ணமி விடுமுறையான போயா தினத்திலும் அதே கதைதான். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் கூட்டம் அதிகம். கூட்டத்தைப் பார்க்க விருப்பம் என்றால் அந்த நாளே போங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் நகரவே முடியாது, அதை மட்டும் தவிர்க்கலாம்.

ஒரு நாள் போதுமா என்றால், போதும். எல்லா இடத்தையும் சேர்த்து ஐந்தாறு கிலோமீற்றர் நடை. ஆனால் இரண்டு அரை நாளாகப் பிரித்தால் கால் வாழ்த்தும்.

வெள்ளவத்தையில் தங்கியிருக்கிறோம். எப்படி வருவது?

ரயிலில் வாருங்கள். ஓட்டோ வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். வெள்ளவத்தையில் ஏறி இடது பக்கம் நின்றால் பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி வரை கடல் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே வரும். அலை பெரிதாக இருக்கும் நாளில் உப்புத் துளி முகத்தில் படும். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளம் உள்பக்கம் திரும்பி, கொம்பனித்தெரு வழியாகக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்குப் போகும். கடல் அங்கே கையசைத்துவிட்டுப் போய்விடும். அந்தக் கடைசிக் காட்சியை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கடலோரம் என்றீர்கள். கடலைக் காணவே இல்லையே?

நியாயமான கேள்வி. சித்தி இதைக் கேட்டது செட்டியார் தெருவின் நடுவில் நின்று. அந்தத் தெருவுக்கு ஆங்கிலத்தில் சீ ஸ்ட்ரீட், அதாவது கடல் தெரு. சிங்களத்தில் ஹெட்டி வீதிய. தமிழும் சிங்களமும் அங்கே இருந்த ஆட்களின் பெயரை வைத்தன, ஆங்கிலம் கடலின் பெயரை வைத்தது. அந்த ஆட்களில் பெரும்பாலோர் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். கடலும் விலகிப் போய்விட்டது. பெயர்கள் மட்டும் பலகையில் தொங்குகின்றன.

கடல் போன கதை இது. 1344இல் வந்த இப்னு பதூதா இந்த ஊரைக் கலன்பு என்று எழுதிவைத்தார். அந்தக் காலத்திலேயே பெரிய பட்டினம். ஆனால் இயற்கைத் துறைமுகமாக அவ்வளவு நல்ல இடமில்லை. தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் கப்பல் நிற்க முடியாது. அதனால் பிரித்தானியர் காலத்தில்கூடப் பெரிய கப்பல்கள் காலித் துறைமுகத்தையே நாடின. அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. 1875 டிசம்பரில், பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான வேல்ஸ் இளவரசர் அதற்கு அடிக்கல் வைத்தார். 1885இல் தென்மேற்குச் சுவர் முடிந்தது. காலி மெல்ல ஓய்ந்தது, கொழும்பு நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு துறைமுகம் பெருகப் பெருக, தெருவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மதில் வந்தது. மதிலுக்குப் பின்னால் கொள்கலன் அடுக்குகள், அவற்றுக்கு மேலே கிரேன்கள். தெற்கே காலிமுகத்திடல் பக்கம் 2014இல் தொடங்கி 269 ஹெக்டேயர் கடலை மண்போட்டு நிரப்பித் துறைமுக நகரம் என்று பெயர் வைத்தார்கள். எனவே கொட்டாஞ்சேனையில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குக் கடல் என்றால் காதில் விழும் கப்பல் சங்கு, மழைக்கு முன் வரும் உப்பு வாடை, அவ்வளவுதான்.

ஆனால் நடக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் பார்க்கும் கோயில், பள்ளி, நகைக்கடை, எல்லாமே கப்பலேறி வந்தவர்கள் வைத்தவை. அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த நடை சலிக்காது.

புறக்கோட்டையில் சாமான் வாங்குவதைத் தவிர என்ன இருக்கிறது?

பெயரிலிருந்தே தொடங்கலாம். கோட்டைக்குப் புறத்தே இருந்ததால் புறக்கோட்டை. ஆங்கிலத்தில் சொல்லும் பெட்டாவும் நம்முடைய பேட்டைதான்.

இங்கே ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு தொழில். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனம், கெய்சர் வீதியில் துணி, நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயம், பருப்பு, சீனி. நாட்டின் சமையலறை விலையை முடிவு செய்வது இந்த நான்காம் குறுக்குத் தெரு என்றே சொல்லலாம், செய்தியில் அதன் பெயர் அடிபடாத வாரமில்லை. கபோஸ் லேனில் நுழைந்தால் மூலிகை வாசம். வாசனையை வைத்தே எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம்.

நடக்கும்போது நாட்டாமிகளுக்கு வழி விடுங்கள். மூட்டை சுமப்பவர்களையும் கைவண்டி தள்ளுபவர்களையும் இங்கே அப்படித்தான் சொல்வோம். நூறு கிலோவுக்கு மேல் ஏற்றிய வண்டி சரிவில் வரும்போது அவரால் நிறுத்த முடியாது, நாம்தான் ஒதுங்க வேண்டும். கனடா மச்சான் படம் எடுக்கிறேன் என்று நடுத்தெருவில் நின்று ஒரு நாட்டாமியிடம் நல்ல ஏச்சு வாங்கினான். நல்லவேளை சிங்களத்தில் வாங்கினான், பாதி புரியவில்லை.

கட்டிடங்கள் என்றால், பிரின்ஸ் வீதியில் பெரிய தூண்களோடு ஒல்லாந்தர் கால வீடு ஒன்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆளுநர் தோமஸ் வான் றீ வசித்த வீடு என்பார்கள். பிறகு அநாதை இல்லம், மருத்துவமனை, தபாலகம் என்று பல பிறவி எடுத்து, ஒல்லாந்தர் கால அரும்பொருளகமாக நிற்கிறது. திறந்திருக்கிறதா என்று முன்னரே கேட்டுவிட்டுப் போங்கள். நடுமுற்றத்தை மட்டும் பார்த்தாலும் போதும், வெளியே அவ்வளவு சத்தம், உள்ளே கிணற்றடி அமைதி.

பிரதான வீதியின் முனையில் கெய்மன்ஸ் கேட் மணிக்கூண்டு. கெய்மன் என்றால் ஒல்லாந்தர் மொழியில் முதலை. கோட்டை அகழியில் முதலைகள் இருந்தனவாம். அந்த மணி கோட்டே நகரில் போர்த்துக்கேயர் கட்டிய தேவாலயத்தின் மணி என்பது வழிவழிக் கதை. கொஞ்சம் தள்ளி 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம். 1928இல் மாநகர சபை இப்போதைய வெள்ளைக் கட்டிடத்துக்குப் போகும்வரை ஊரை ஆண்டது இங்கிருந்துதான். இரண்டையும் தாண்டிப் போகும் ஆயிரம் பேரில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் அதிகம்.

அந்தச் சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசலுக்குள் போகலாமா?

இரண்டாம் குறுக்குத் தெருவிலுள்ள ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல். சிவப்புப் பள்ளி என்றால் சிங்களவருக்கும் தெரியும், சம்மாங்கோட்டுப் பள்ளி என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். தொழுகை இல்லாத நேரத்தில் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். கை கால் மூடிய உடை வேண்டும், பெண்களுக்குத் தலையில் முக்காடு. வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

1908இல் கட்டத் தொடங்கி 1909இல் முடித்தார்கள். பணம் போட்டவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து இதே தெருக்களில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரிகள். வரைந்து கட்டியவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. அவர் கட்டடக்கலை படித்தவர் கிடையாது. இந்திய, இஸ்லாமிய முறைகள் கலந்த இந்தோ சரசனிக் பாணிக் கட்டடங்களின் படங்களைப் பார்த்து இதை அமைத்தார் என்கிறார்கள். மாதுளம்பழ வடிவக் குவிமாடங்கள், கோடு கோடாகவும் சுருள் சுருளாகவும் சிவப்பும் வெள்ளையும். அந்தக் காலத்தில் துறைமுகத்துக்குள் வரும் கப்பல்காரர்கள் இதன் கோபுரங்களை அடையாளம் வைத்தே கொழும்பு வந்துவிட்டது என்று சொன்னார்களாம். இப்போது அதே கோபுரத்தை முழுதாகப் பார்க்க எதிர்ச்சாரியில் கழுத்தை ஒடித்து நிற்க வேண்டியிருக்கிறது. எனக்குக் கேட்டால், கொழும்பில் இதைவிடத் துணிச்சலான கட்டிடம் இன்னும் எழவில்லை.

செட்டியார் தெருவில் நகைக்கடை தவிர வேறு என்ன?

நகைக்கடை இருக்கிறதே, அதுவே ஒரு காட்சிதான். கல்யாணம் பேசி முடித்த குடும்பம் தாய், பெரியம்மா, மாப்பிள்ளையின் அக்கா என்று படையாக வந்து இறங்கும். விலையைக் கேட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் முகத்தைத் தூக்குவார்கள், பிறகு குளிர்பானம் வரும், பிறகு இறங்கிவருவார்கள். முன்கடையின் கண்ணாடிக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, பத்தடி அறையில் உட்கார்ந்து ஊதுகுழலும் சிமிட்டாவுமாக வேலை செய்யும் பத்தர்மாரைப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். பேச்சுக் கொடுத்தால் தாலிக்கொடி வகைகளைப் பற்றி அரை மணி நேரம் சொல்வார்கள்.

தெருவின் பெயருக்குரிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நகை விற்க வந்தவர்கள் இல்லை. வட்டிக் கடையும் அரிசி வியாபாரமும் அவர்கள் தொழில். ஆங்கில வங்கிகள் உள்ளூர்க்காரரை ஏறெடுத்தும் பார்க்காத காலத்தில் தோட்டக்காரருக்கும் வியாபாரிக்கும் கடன் கொடுத்தவர்கள் இவர்களே. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், சுதந்திரத்துக்குப் பின் வந்த குடியுரிமைச் சட்டங்களும் சேர்ந்து பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பின. அவர்கள் விட்டுப்போனவை பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும். இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றன. மதியம் நடை சாத்துவதற்குள் பார்த்துவிடுங்கள். கோபுரச் சுதை உருவங்களை எதிர்ப்புற நடைபாதையில் நின்று பார்த்தால்தான் தெரியும், கீழே நின்றால் மின்கம்பிதான் தெரியும்.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், இந்தத் தெருவும் எரிந்தது. அதைப் பற்றிப் பலகையோ கல்லோ எதுவும் இல்லை. வயதான கடைக்காரர்கள் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நாமாகத் துருவ வேண்டாம்.

புத்தகப் பிரியர்கள் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குள் எட்டிப் பார்க்காமல் நகர மாட்டார்கள். நகை வாங்க வந்து புத்தகத்தோடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டில் அவருக்குக் கிடைத்த வரவேற்பும் தெரியும்.

ஆடிவேல் என்கிறார்களே, அது எப்போது?

ஆடி மாதம், அதாவது ஜூலை, ஆகஸ்டில். 1874இலிருந்து நடக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. முருகன் தலமான கதிர்காமத்துக்கு நடந்துபோகும் யாத்திரையில் கொள்ளைநோய் பரவுகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசு கட்டுப்பாடு போட்டது. போக முடியாதவர்கள் கொழும்பிலேயே முருகனின் வேலாயுதத்தை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் தேர், காலிமுகத்திடலைத் தாண்டிக் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போகும். அங்கே தங்கிப் பிறகு திரும்பி வரும். வழியெல்லாம் சர்க்கரைத் தண்ணீரும் பூசைத் தட்டும்.

எங்கள் பாட்டி ஆடிவேலைச் சாமி கடற்கரைக்குக் காற்றுவாங்கப் போகிறது என்று சொல்வார். வருடத்தில் ஒரு நாளாவது அந்தத் தெருவிலிருந்து யாரோ ஒருவர் கடலைப் பார்க்கப் போகிறார், அது கந்தனாகவே இருக்கட்டும்.

அந்தோனியார் கோயிலுக்கு எல்லா மதத்தவரும் போகிறார்களே, ஏன்?

இங்கே யாரும் மதம் கேட்பதில்லை. கொச்சிக்கடைக் கோயிலுக்கு என் அம்மா நெற்றியில் திருநீற்றோடுதான் போவார். பர்தா போட்ட பெண்கள் மெழுகுதிரி ஏற்றுவதை எந்தச் செவ்வாய்க்கிழமையும் பார்க்கலாம். காணாமல் போன சாமான், வராத விசா, நடக்காத கல்யாணம், மூன்றுக்கும் அந்தோனியார்.

கதை ஒல்லாந்தர் காலத்தில் தொடங்குகிறது. அவர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்தார்கள். கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குருவானவர் வியாபாரி வேடத்தில் மறைந்து வாழ்ந்தார். ஒல்லாந்தர் அவரைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் இந்தக் கரையின் மீனவர்கள் அவரிடம் வந்து, கடல் எங்கள் குடிசைகளைத் தின்கிறது, நிறுத்தித் தந்தால் உங்களைக் காப்போம் என்றார்களாம். அவர் கரையில் சிலுவையை நட்டு மன்றாட, கடல் பின்வாங்கி மணல்திட்டு எழும்பியது. அந்த இடத்திலேயே முதல் சிறு கோயில் எழுந்தது என்பது நம்பிக்கை. பாருங்கள், இந்தக் கோயிலின் முதல் அற்புதமே கடலைத் தள்ளிப்போகச் சொன்னதுதான். அது கொஞ்சம் அளவுக்கு மீறிப் பலித்துவிட்டதோ என்று துறைமுக மதிலைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும்.

இப்போதிருக்கும் கோயில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. பதுவைப் புனித அந்தோனியாரின் நாவின் சிறு துண்டொன்று திருப்பண்டமாக வைக்கப்பட்டிருக்கிறது. ஜூன் 13 திருவிழா.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, நாட்டில் குண்டு வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று. அன்று நாடு முழுவதும் 260க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏழெட்டு வாரத்தில், திருவிழாவுக்கு முன்னரே, கோயிலைச் செப்பனிட்டுத் திறந்துவிட்டார்கள். இறந்தவர்களின் நினைவிடம் வளாகத்திலேயே இருக்கிறது. அங்கே செல்பி எடுக்க வேண்டாம். வாசலில் பைகளைச் சோதிப்பார்கள், பொறுமையாகக் காட்டுங்கள்.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எது?

பொன்னம்பலவாணேசுவரர் கோயில். யோசிக்காமல் சொல்வேன்.

கொச்சிக்கடையிலிருந்து வடக்கே கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். வெளியே லொறி, புழுதி, துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் வண்டிகள். உள்ளே காலை வைத்தால் ஒரு நூற்றாண்டு பின்னால் போனது மாதிரி. முழுக் கருங்கல். வர்ணம் இல்லை, பளபளப்பு ஓடு இல்லை. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. இரண்டு நிமிடம் ஒரு தூணோடு சாய்ந்து நில்லுங்கள். விளக்கொளியில் முதலில் தூணின் விளிம்பு தெரியும், அப்புறம் அதில் செதுக்கிய உருவம், அப்புறம் தூண்வரிசை, கடைசியில் தூரத்தில் மூலவர். இந்த வரிசையில் ஒவ்வொன்றாகத் தெரிவதற்காகவே கட்டியது போலிருக்கும். அவசரமாகப் படம் எடுத்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு இந்தக் கோயில் தன்னைக் காட்டுவதில்லை. படம் எடுக்கவும் கேட்க வேண்டும், அது வேறு விஷயம்.

1857இல் பொன்னம்பல முதலியார் இங்கே கோயில் எழுப்பினார். அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912 வரையில் தென்னிந்தியச் சிற்பிகளை வரவழைத்து முழுவதையும் கல்லில் திருப்பிக் கட்டினார். அரசியலில் மிகுந்த வேலை இருந்த காலம் அது. சட்டவாக்க சபையில் படித்த இலங்கையருக்கான ஆசனத்தை 1911 தேர்தலில் வென்றவர் அவரே. இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு தொடர்பு உண்டு. நடராசர் வடிவத்தின் பொருளை மேலைநாட்டாருக்கு விளக்கி எழுதிய ஆனந்த குமாரசுவாமி, இராமநாதனின் தாய்மாமன் முத்துக்குமாரசுவாமியின் மகன். ஒருவர் கல்லில் கட்டினார், மச்சான் முறையானவர் அந்தக் கல்லைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டிவரும், வேட்டியோடு போனால் சங்கடம் இல்லை. மதியம் சாத்திவிடுவார்கள், ஆகவே பதினொரு மணிக்கு முன் போய்ச் சேருங்கள். மாலைப் பூசை நேரம் இன்னும் நல்லது.

கொட்டாஞ்சேனைக்குள் என்ன பார்க்கலாம்?

நான் பிறந்து வளர்ந்தது ஜம்பட்டா வீதிப் பக்கம், எனவே நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

புனித லூசியாள் பேராலயம் கொழும்பு உயர் மறைமாவட்டத்தின் தாய்க்கோயில். 1870களில் வேலை தொடங்கியது. பெரிய குவிமாடம், உயரத் தூண்கள், ரோமாபுரியை நினைத்துக் கட்டிய முகப்பு. உள்ளே ஆளில்லாத மத்தியான வேளையில் மின்விசிறிச் சத்தம்கூட எதிரொலிக்கும். அருகிலேயே பாடசாலைகள். பள்ளி விடும் நேரம் வெள்ளை உடையில் பிள்ளைகள் வெளியே கொட்டும்போது மூன்று மொழியும் ஒரே வாக்கியத்தில் காதில் விழும்.

பக்கத்திலேயே தீபதுத்தாராமய என்ற பழைய விகாரை. 1873இல் பாணந்துறை வாதத்தில் கிறிஸ்தவப் போதகர்களோடு மோதிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த விகாரை இது. சீயம் நாட்டு இளவரசர் ஒருவர் துறவியாகி இங்கே வாழ்ந்தார். அதனால் தூபியில் தாய்லாந்துச் சாயல் தெரியும். 1883இல் உயிர்த்த ஞாயிறு சமயத்தில் இந்தத் தெருக்களில் கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் கலவரம் நடந்தது. அதன் தொடர்ச்சியாக பௌத்தர்கள் நடத்திய முயற்சியில்தான் 1885இல் வெசாக் பொது விடுமுறையானது. கோயிலும் விகாரையும் பள்ளியும் ஒரே தெருவில் அண்ணன் தம்பியாக இருக்கின்றன என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதும். அண்ணன் தம்பிதான், அடிபட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்கள்.

அப்புறம் விவேகானந்த மேடு. சிக்காகோ முழக்கத்துக்குப் பிறகு கீழைநாட்டுக்குத் திரும்பிய விவேகானந்தர் முதலில் கால் வைத்தது கொழும்பில், 1897 ஜனவரி 15. ஐந்தாண்டு கழித்து 1902இல் விவேகானந்த சபை உருவானது. சபை மண்டபம் இன்றும் அந்த மேட்டில்.

வுல்வெண்டால் தேவாலயம் ஏறிப் பார்க்க வேண்டிய அளவுக்கு நல்லதா?

ஏற்றம் சின்னதுதான். 1749இல் அடிக்கல், 1757இல் திறப்பு. ஒல்லாந்தச் சீர்திருத்தத் திருச்சபையின் கோயில், இன்றும் வழிபாடு நடக்கிறது. சிலுவை வடிவம், கோட்டைச் சுவர் மாதிரிக் கனமான சுவர்கள், தரை முழுவதும் கல்லறைப் பலகைகள். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைகளை 1813இல் இங்கே கொண்டுவந்தார்கள். பலகைகளில் செதுக்கியிருக்கும் குடும்பச் சின்னங்களையும் எழுத்துருக்களையும் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போகும்.

பெயர்க்கதை எனக்குப் பிடித்தது. போர்த்துக்கேயர் காலத்தில் இங்கே குவாதலூப்பே மாதா கோயில் இருந்ததாம். அந்தப் பெயர் பேச்சில் திரிந்து, போர்த்துக்கேய மொழியில் ஓநாய்த் தண்ணீர் என்பது போலானது. ஒல்லாந்தர் அதை மொழிபெயர்த்து ஓநாய்ப் பள்ளத்தாக்கு என்று வுல்வெண்டால் ஆக்கினார்கள். இலங்கையில் ஓநாயே கிடையாது. இருந்தது நரி.

கலை என்றால் ஓவியக்கூடம் எதுவும் இல்லையா?

இந்தப் பக்கத்தில் இல்லை. கூடங்கள் எல்லாம் கொழும்பு 7இல். 1953இல் திறந்த லயனல் வென்ட் அரங்கும், அதோடு சேர்ந்த ஓவியக்கூடமும் இருக்கின்றன. 1943இல் கூடிய 43 குழுவின் ஓவியங்களை ஹரி பீரிஸ் வாழ்ந்த வீட்டில், சபுமல் மன்றத்தில், பார்க்கலாம். 1993இலிருந்து வருடத்துக்கு ஒரு நாள் நடைபாதையிலேயே ஓவியங்களை வைத்து விற்கும் கலா பொல நடப்பது ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில். அதற்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள்.

இந்தப் பக்கத்துக் கலைக்குச் சட்டமும் கண்ணாடியும் இல்லை. சுதைவேலை, தாலிவேலை, பூமாலைக் கட்டு, மூன்று எழுத்தில் கையால் எழுதிய பழைய பெயர்ப்பலகை. ஜிந்துப்பிட்டி கொழும்புத் தமிழ் மேடை நாடகத்தின் தாய்வீடு. அந்தக் காலத்து நடிகர்கள் பகலில் துறைமுகத்திலும் கடைகளிலும் வேலை செய்து, இரவில் ராஜபார்ட் கட்டினார்கள். அங்கே இருக்கும் முருகன் கோயில் வாசலில் வெற்றிலை போட்டபடி இருக்கும் பெரியவர்களிடம் நாடகம் என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள், பாட்டோடு எழும்புவார்கள்.

சாப்பாடு?

காலையில் புறக்கோட்டைச் சைவக் கடையில் தோசை, உளுந்து வடை, பிளேன்ரீ. பத்தரைக்கு வெயிலுக்கு ஒரு பலூடா. மதியம் கொட்டாஞ்சேனையில் வாழையிலைச் சோறு. முஸ்லிம் கடையில் புரியாணி சாப்பிட்டால் கடைசியில் வட்டிலப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைப் பெயர் சொல்ல மாட்டேன். போன தடவை சொல்லி, சாப்பிட்ட மாமா மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. கூட்டமுள்ள கடையில், சூடானதைச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான் விதி.

பாதுகாப்பாக இருக்குமா? அம்மாவைக் கூட்டி வரலாமா?

வரலாம். பணப்பையை முன்பக்கம் வையுங்கள். துறைமுக மதில், கடற்படை வாசல், சோதனைச் சாவடி, இவற்றை நோக்கிக் கைபேசியைத் தூக்காதீர்கள். நான் ஒரு தடவை கிரேனுக்குப் பின்னால் விழுந்த சூரியனைப் படம் எடுத்து, முக்கால் மணி நேரம் விளக்கம் சொல்லி, படத்தை அழித்துவிட்டு வந்தேன். நல்ல படம்.

வயதானவர்களுக்குப் புறக்கோட்டை நடை கஷ்டம். அவர்களை நேரே கொச்சிக்கடையில் ஓட்டோவில் இறக்கி, அந்தோனியார் கோயில், சிவன் கோயில், லூசியாள் கோயில் மூன்றோடு முடியுங்கள். மீற்றர் போடும் ஓட்டோவில் ஏறுங்கள், அல்லது விலை பேசிவிட்டு ஏறுங்கள். இறங்கிய பிறகு பேசினால் நாம் வெளியூர் ஆள் என்பது அவருக்கு உறுதியாகிவிடும்.

கோட்டைப் பக்கம் போகத் தேவையில்லையா?

நேரம் மிஞ்சினால். மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் கட்டி, பிறகு கலங்கரை விளக்காகவும் எரிந்தது. சுற்றிக் கட்டிடங்கள் எழும்பிக் கடலை மறைத்ததால் 1952இல் அந்த விளக்கை அணைத்தார்கள். ஒல்லாந்தர் மருத்துவமனை 17ஆம் நூற்றாண்டுக் கட்டிடம், இப்போது உணவகங்கள். அழகாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகம் துடைத்ததாகப் படும்.

கடைசியில் கடலைப் பார்க்காமலே வீட்டுக்குப் போவதா?

இல்லை, ஐந்து மணிக்குக் காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வார்ட் இந்தத் திடலைச் சீர்செய்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணுங்கள் என்று பின்வரும் ஆளுநர்களைக் கேட்டு ஒரு கல் நாட்டினார். கல் இன்னும் இருக்கிறது, அதன் மேல் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள். 2022இல் அரசாங்கத்தை அனுப்பக் கூடாரம் அடித்து மக்கள் உட்கார்ந்ததும் இந்தத் திடலில்தான்.

இறால் வடை ஒன்றும் அச்சாறு ஒரு பொட்டலமும் வாங்கிக் கடற்சுவரில் உட்காருங்கள். வலது கைப்பக்கம் துறைமுக நகரத்தின் மண் நீண்டு கிடக்கும், அதனால் தெற்குப் பக்கம் தள்ளி உட்கார்ந்தால்தான் தண்ணீர் முழுதாகத் தெரியும். சித்தி அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, காலையிலேயே இங்கே கூட்டி வந்திருக்கலாமே என்றார். திரும்பிப் போக 100 அல்லது 101 பஸ், காலி வீதியில் வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் இருக்கை கிடைக்காது.